எரியும் விளக்கும் பசித்திருக்கும் பவளமும்

நம் இல்லங்களில் டியூப் லைட்டை எப்போது மாற்றுகிறோம்? இரு முனைகளும் கரி பிடித்தாற்போல் கறுத்து, சுவிட்சைப் போட்டதும் நாலைந்து முறை கண் சிமிட்டி, ஸ்டார்ட்டரைத் திருகிப் பார்த்தும் பயனில்லை என்றான பிறகே மாற்றுகிறோம். அதுவரை எரிகின்ற விளக்கை எவரும் கழற்றுவதில்லை. நன்றாக எரிவதைக் கழற்றி எறிவது வீண்விரயம் என்பதே நம் குடும்பங்களில் பெரியவர்கள் கற்றுத் தந்த பாடம். கூடத்து விளக்கைப் பொறுத்தவரை இது முற்றிலும் சரியான வழக்கமே.

ஆனால், அதே குழல் விளக்கு கடல்நீர் நிரம்பிய கண்ணாடித் தொட்டியின்மேல் உயிருள்ள பவளங்களுக்காக எரிந்து கொண்டிருக்குமானால், இவ்வழக்கம் அவ்வுயிர்களைப் பட்டினி போடும் வழக்கமாக மாறிவிடுகிறது. விளக்கு எரியும், தொட்டியும் பளிச்சென்று தெரியும். எனினும் உள்ளே இருக்கும் பவளத்துக்கு அது ஒளியாக இராது. விளக்கின் ஆயுள் வேறு, அதன் ஒளியால் உயிரைப் போஷிக்கும் காலம் வேறு என்பதை அறிந்து கொள்ளாமையால் மடிகின்ற பவளத் தொட்டிகள் பல.

கடலூர் மாவட்டத்து வாசகர் ஒருவர், "பவளத் தொட்டிக்கும் நமக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்கக்கூடும். தொடர்பு உண்டு. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே, வெள்ளாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் இருக்கிறது பரங்கிப்பேட்டை. மஹ்மூது பந்தர் என்றும் போர்ட்டோ நோவோ என்றும் பழைய ஏடுகளில் பெயர் பெற்ற நம் ஊர்தான். இங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரின உயராய்வு மையம் இயங்கி வருகிறது. பேராசிரியர் ஆர்.வி.சேஷய்யா இதற்கு வித்திட்டவர். 1960-களிலேயே பல்கலைக்கழக மானியக் குழுவால் உயராய்வு மையமாக ஏற்கப்பட்ட சிறப்புடையது இது. இம்மையத்தின் ஆய்வாளர்களான அஜித்குமாரும் பாலசுப்பிரமணியனும் வெள்ளாற்றுக் கழிமுக நீரையே பயன்படுத்திக் கோமாளி மீனைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்து, குஞ்சுகளை வளர்த்தெடுத்த முறையை 2009-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். ஆரஞ்சு உடலில் வெள்ளைப் பட்டைகளோடு, கடற்சாமந்தியின் கைகளுக்கிடையே ஒளிந்து விளையாடும் அந்தச் சிறுமீனைத் திரைப்படங்களில் கண்டு நம் பிள்ளைகள் மயங்கியிருப்பார்கள். அம்மீன் நம் ஆற்றங்கரையில் பிறந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

மற்றொரு தொடர்பும் உண்டு. பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் நெல்லிக்குப்பத்திலும் சபராளி இல்லாத தெருவைக் காண்பது அரிது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் குடும்பத்தோடு வாழ்கின்ற நம் பிள்ளைகளில் சிலர், அடுக்குமாடி வீட்டின் மூலையில் ஒரு கடலையே கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுவந்து வைத்திருக்கின்றனர். விடுமுறைக்கு அங்கே செல்கின்ற வாப்பாவும் உம்மாவும் அதைக் கண்டு வியந்து திரும்புகின்றனர். இக்கட்டுரை முதன்மையாக அப்பிள்ளைகளுக்கானது. ஊரில் உள்ளோருக்கான செய்தியும் இதில் இருக்கிறது.

ஊரில் உள்ளோருக்கு முதலில் ஓர் எச்சரிக்கை. பவளப்பாறையைக் கட்டுகின்ற கல் பவளங்கள் யாவும் 2001-ஆம் ஆண்டு ஜூலையில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும், வாங்குவதும், விற்பதும், வீட்டில் வைத்திருப்பதும் கடுமையான சிறைத் தண்டனைக்குரிய குற்றங்களாகும். கடற்குதிரையும் இவ்வாறே. "கடையில் விற்றார்கள், வாங்கினேன்" என்பது விடையாகாது. வெளிநாட்டிலிருந்து ஒரு துண்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டு வருவதற்கும் உலகளாவிய வணிகத் தடைகள் உள்ளன. ஆகவே, இங்கே கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுவோர் பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன்களோடு நிறுத்திக்கொள்வதே நன்று. மீன் மட்டும் இருக்கும் தொட்டிக்கு விளக்கு என்பது நாம் பார்ப்பதற்காகத்தான். அங்கே டியூப் தானாக அணையும் வரை விட்டு வைக்கலாம், தவறில்லை.

கழுத்தணியின் பவளமும் பாறையின் பவளமும்

மர்ஜான் என்ற அரபுச் சொல்லை அறியாத முஸ்லிம் வீடு இராது. பவள மாலையை அணிந்த பாட்டிமார்களையும் நாம் கண்டிருக்கிறோம். ஆனால் அந்தச் செம்பவளம் மத்தியதரைக் கடலின் குகைகளிலும் ஒளி மங்கிய ஆழத்திலும் வளர்வது. வெளிச்சத்தை நம்பி வாழ்வதன்று. மன்னார் வளைகுடாவில் இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே தீவுகளைச் சூழ்ந்து கிடக்கின்ற பாறைப் பவளமோ முற்றிலும் வேறு இயல்புடையது.

பாறைப் பவளம் ஒரு விலங்கு. சின்னஞ்சிறிய வாயும் அதைச் சுற்றிய கைகளும் கொண்ட உயிர்கள் ஆயிரக்கணக்கில் கூடி, சுண்ணாம்பினால் வீடு கட்டிக்கொண்டு வாழ்கின்றன. அவ்வுயிரின் தசைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒருவகை நுண்பாசி குடியிருக்கிறது. செடியின் இலையைப் போன்றே இப்பாசியும் ஒளியைக் கொண்டு உணவைச் சமைக்கிறது. சமைத்ததில் பெரும்பங்கைத் தான் குடியிருக்கும் வீட்டுக்காரருக்கே கொடுத்து விடுகிறது. பவளத்தின் சக்தித் தேவையில் தொண்ணூறு விழுக்காடு வரை இவ்வழியில் கிடைப்பதாக அறிவியலார் கூறுகின்றனர். பவளம் தன் கழிவுகளைப் பாசிக்கு எருவாகத் தருகிறது. குடியிருப்பவரும் வீட்டுக்காரரும் இத்துணை இணக்கமாக வாழ்வதை மனிதரிடையே காண்பது அரிது!

கடல்நீர் சிவப்பு ஒளியைச் சில மீட்டர் ஆழத்துக்குள்ளேயே விழுங்கி விடும். நீல ஒளிதான் ஆழத்துக்கு இறங்கும். ஆகையால் இந்நுண்பாசி நீல ஒளியை உண்டு பழகியது. பவளத் தொட்டிக்கென விற்கப்படும் குழல் விளக்குகள் நீலம் கலந்தும் ஊதா கலந்தும் இருப்பதன் காரணம் இதுவே. அழகுக்காக மட்டும் அல்ல. அந்த விளக்கு மங்கினால் தொட்டியின் அடுப்பு அணைகிறது என்று பொருள்.

குழலுக்குள் நடப்பது என்ன?

நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியில் பிறந்த மின்சாரம் நம் வீட்டு டியூபுக்குள் நுழைந்ததும் நிகழ்வதைச் சிறிது பார்ப்போம். குழலுக்குள் பாதரச ஆவி சிறிதளவு உள்ளது. மின்சாரம் பாயும்போது அந்த ஆவி கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வெளியிடுகிறது. கண்ணாடியின் உட்புறம் பூசப்பட்டிருக்கும் வெள்ளைத் தூள் அக்கதிரை வாங்கிக்கொண்டு நாம் காணும் ஒளியாக மாற்றித் தருகிறது. எவ்வகைத் தூள் பூசப்படுகிறதோ அவ்வகை நிறம் பிறக்கும்.

குழலுக்கு இரண்டு விதமான மூப்பு உண்டு. முனைகளில் இருக்கும் மின்னிழையின் மேற்பூச்சு ஒவ்வொரு முறை விளக்கு பற்றும்போதும் சிறிது சிறிதாகத் தெறித்து ஆவியாகிறது. அதன் கறையே முனையில் தெரியும் கருமை. பூச்சு முழுவதும் தீர்ந்த நாளில் விளக்கு அணைந்து போகிறது. நாம் அறிந்திருப்பது இம்மூப்பு ஒன்றையே. மற்றொன்று ஒளி தரும் தூளின் மூப்பு. இடையறாத கதிர்வீச்சில் அத்தூள் நாள்தோறும் சிறிது வலுவிழக்கிறது. அதிலும் நீல ஒளி தருகின்ற தூள் மற்றவற்றைவிட விரைவில் சோர்ந்து விடும். பவளத்துக்கு எது தேவையோ அதுவே முதலில் குறைகிறது. முனை கறுக்காத, சிமிட்டாத, ஆரோக்கியமாகத் தோன்றும் விளக்கிலும் இது நிகழ்ந்து கொண்டே இருக்கும்.

இதை நம் கண் காட்டிக் கொடுக்காது. வெளிச்சம் குறையக் குறையக் கண்ணின் பாவை விரிந்து கொடுக்கிறது. நண்பகல் வெயிலிலும் மாலை நிழலிலும் ஒரே எழுத்தைப் படிக்கின்ற கண் அல்லவா! ஓராண்டில் படிப்படியாகக் கால்பங்கு, மூன்றிலொரு பங்கு ஒளி குறைந்தாலும் அன்றாடம் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரிவதில்லை. நாள்தோறும் பார்க்கும் பிள்ளை வளர்வது பெற்றவர்க்குத் தெரியாமல், ஆண்டுக்கொரு முறை வரும் மாமாவுக்குத் தெரிவதைப் போன்றதே இது. புதுக் குழலைப் பழையதன் அருகே மாட்டி எரிய விட்டால்தான் பழையது எவ்வளவு மங்கியிருந்தது என்பது விளங்கும்.

எப்போது மாற்றுவது?

குழலின் அட்டைப் பெட்டியில் இருபதாயிரம் மணி நேரம் என்று அச்சிட்டிருப்பார்கள். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் எரித்தால் அது ஐந்தரை ஆண்டுக் கணக்கு. கூடத்துக்கு அக்கணக்கு பொருந்தும். பவளத் தொட்டி வைத்துப் பழகியவர்கள் அதில் ஐந்திலொரு பங்கைக்கூட ஏற்பதில்லை. 16 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள டி-5 வகைக் குழல்களை ஒன்பது மாதம் முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் மாற்றுவது பரவலான வழக்கம். நாளுக்குப் பத்து மணி நேரம் என்றால் ஓராண்டுக்கு 3,650 மணி நேரம் ஆகிறது. கருநீலக் குழல்களைச் சற்று முன்னதாகவும் வெண்ணீலக் குழல்களைச் சற்றுப் பின்னதாகவும் மாற்றுவோர் உண்டு. 26 மில்லிமீட்டர் தடிமனுள்ள பழைய டி-8 குழலையும், வளைந்த சிறு குழல்களையும் ஆறு முதல் ஒன்பது மாதத்தில் மாற்றி வந்தார்கள்.

இக்கணக்கு எல்லா வீட்டுக்கும் ஒன்றாக இராது. காற்றோட்டமில்லாத மூடிக்குள் சூடேறிக் கிடக்கும் குழலின் ஒளி குறைந்துவிடும். அது விரைவில் மூப்படையும். டி-5 குழல் தன்னைச் சூழ்ந்த காற்று 35 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும்போதே முழு ஒளி தரும். அதைவிடச் சூடானால் ஒளி இறங்கும். கடலூரின் கத்திரி வெயிலில் மூடிக்குள் என்ன சூடு இருக்குமென்று சொல்ல வேண்டியதில்லை. சிறு மின்விசிறி ஒன்றை வைத்துக் குழலைக் குளிர்வித்தால் ஓராண்டுக்கு மேலும் நன்றாகப் பயன்படும். அவ்வாறே, விருந்தினர் வரும்போதெல்லாம் தொட்டி விளக்கைப் போட்டுக் காட்டுவதும் அணைப்பதும் மின்னிழையைத் தேய்க்கும். டைமர் வைத்துக் காலையில் ஒரு முறை பற்றி, மாலையில் ஒரு முறை அணையும்படி செய்வதே குழலுக்கும் நல்லது, உயிர்களுக்கும் நல்லது.

ஊகத்தைவிட அளவீடு மேலானது. ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியை அளக்கின்ற 'பார்' மீட்டர் என்ற கருவி இருக்கிறது. விலை மிகுதியென்பதால் நண்பர்கள் சிலர் சேர்ந்து வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது வெளிநாடுகளில் வழக்கம். மென்மையான பவளங்கள் இக்கருவியின் கணக்கில் 50 முதல் 100 வரையிலான ஒளியில் வாழ்ந்துவிடும். கிளை கிளையாய் வளரும் கல் பவளங்களுக்கு 200-க்கு மேல் வேண்டும். நண்பகல் சூரியன் ஏறத்தாழ 2,000 தருகிறது என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால், தொட்டியில் நாம் கொடுப்பது எத்துணைச் சிறிய பங்கு என்பதும், அதிலும் குறைந்தால் என்ன மிஞ்சும் என்பதும் புரியும்.

அக்கருவி இல்லாதோர் மலிவான லக்ஸ் மீட்டரைக் கொண்டே சமாளிக்கலாம். அது மனிதக் கண்ணுக்கேற்ப அமைக்கப்பட்டதாகையால் நீல ஒளியைக் குறைவாகவே கணக்கிடும். எனவே அதன் எண்ணை வேறொருவர் தொட்டியோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. தன் குழலைத் தன் குழலோடு ஒப்பிடுவதற்கு அது போதும். புதுக் குழல் மாட்டிய முதல் வாரத்தில், குறிப்பிட்ட ஓரிடத்தில், குறிப்பிட்ட உயரத்தில் வைத்து அளந்து எழுதிக் கொள்ள வேண்டும். பிறகு மாதந்தோறும் அதே இடத்தில் அளக்க வேண்டும். முதல் எண் நூறு என்றால் அது எழுபத்தைந்தை நெருங்கும்போது புதுக் குழல் வாங்கும் காலம் வந்துவிட்டது எனக் கொள்ளலாம். லக்ஸ் மீட்டர் நீல ஒளியின் இழப்பைக் குறைத்தே காட்டும் என்பதால், எழுபது ஆகட்டுமென்று காத்திராமல் இருப்பதே எம் கருத்தில் பாதுகாப்பானது. மீட்டரும் இல்லையா? பால்கணக்கு எழுதுவதைப் போல, குழல் மாட்டிய தேதியைக் குழலின் உலோக முனையிலேயே மையினால் எழுதி வையுங்கள். நினைவை நம்ப வேண்டாம். "போன நோன்புக்கு மாற்றியது" என்று சொல்பவர்களில் பாதிப்பேர் அதற்கும் முந்திய நோன்பைச் சொல்கிறார்கள்!

குழலைக் குறை கூறுமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. தொட்டியின் நீர் தெறித்துக் காய்ந்து, மூடிக் கண்ணாடியின்மேல் உப்பு வெண்படலமாகப் படிந்திருக்கும். குழலின்மேல் தூசு இருக்கும். ஒளியைக் கீழே திருப்பும் தகடு மங்கியிருக்கும். நாள்பட்ட நீர் தேநீர் கலந்தாற்போல் இலேசாக மஞ்சளித்திருக்கும். அந்த மஞ்சள் நீல ஒளியைத்தான் தடுக்கிறது. மின்சாரத்தை நிறுத்தி, குழல் ஆறிய பிறகு ஈரத்துணியால் துடைத்து, கண்ணாடியைக் கழுவி, மரக்கரித் துகளால் நீரைத் தெளிவித்த பின் மீண்டும் அளந்து பாருங்கள். பல வீடுகளில் இத்துடனேயே ஒளி திரும்பிவிடும். குழல் வாங்கும் செலவு மிச்சம்.

பவளம் பேசும் மொழி

வாயில்லாப் பிராணி என்பார்கள். பவளத்துக்கு வாய் இருக்கிறது, குரல்தான் இல்லை. ஆயினும் அது தன் குறையைக் காட்டாமல் இருப்பதில்லை. ஒளி குறையும்போது பச்சையும் ஊதாவுமாய்ப் பொலிந்த நிறம் மங்கி, பழுப்பாகக் கருத்து வரும். கிடைக்கும் சிறு ஒளியையும் பிடித்துக்கொள்ள உள்ளிருக்கும் நுண்பாசி எண்ணிக்கையில் பெருகுவதன் விளைவு அது. மென்பவளங்கள் விளக்கை நோக்கிக் கழுத்தை நீட்டும். காளான் வடிவில் இருப்பவை வழக்கத்தைவிட அகல விரிந்து தட்டையாகும். அதைக் கண்டு, நன்றாக வளர்கிறது என்று மகிழ்வோரும் உண்டு! கிளைப் பவளங்களின் நுனியில் புதிய வளர்ச்சியைக் காட்டும் வெண்மை மறைந்து போகும். இவை ஒன்றிரண்டு மாதங்களில் மெல்ல மெல்ல நிகழ்பவை. ஒரே வாரத்தில் பவளம் கெட்டால் காரணம் விளக்காக இருப்பது அரிது; நீரைச் சோதிக்க வேண்டும்.

பழைய குழலின் ஒளி நிறம் மாறுவதால்தான் தொட்டியில் வேண்டாத பாசி படர்கிறது என்றும் கூறுவர். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் உணவை அள்ளிக் கொட்டி, நீரை மாற்றாமல் விட்டுவிட்டுப் பழியை முழுவதும் டியூபின் தலையில் போடுவது நியாயமன்று.

புது விளக்கின் ஆபத்து

அக்கறையுள்ளவர்களே இவ்விடத்தில் இடறுகிறார்கள். பழைய குழல்கள் மங்கிவிட்டன என்று அறிந்ததும் நான்கையும் ஒரே நாளில் கழற்றி, புதிய நான்கை மாட்டி விடுகிறார்கள். மங்கிய ஒளிக்கு ஓராண்டாகப் பழகிய பவளத்தின்மேல் திடீரென்று முழு ஒளி பாய்கிறது. உள்ளிருக்கும் நுண்பாசி தாங்கும் அளவுக்கு மேல் ஒளி வந்தால், உணவுக்குப் பதில் நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் வடிவங்களை உண்டாக்குகிறது. பவளம் தன்னைக் காத்துக்கொள்ள அப்பாசியையே வெளியே தள்ளுகிறது. பாசி போனதும் நிறம் போய், சுண்ணாம்பு எலும்பு வெள்ளையாய்த் தெரிகிறது. வெளிறல் என்பது இதுவே. 1998-லும், 2010-லும், 2016-லும் கடல் சூடேறியதால் மன்னார் வளைகுடாப் பவளங்களுக்கு நேர்ந்ததும் இத்தகைய வெளிறலே. கடலில் முதற்காரணம் வெப்பம். கடும் ஒளி அதற்குத் துணை போகிறது. தொட்டியில் ஒளி ஒன்றே போதும். வெளிறிய பவளம் உடனே இறந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. சில வாரங்களில் பாசி மீண்டும் குடியேறினால் பிழைக்கும். இல்லையேல் பசியால் மடியும். நோன்பு நோற்றவர் திறக்கும்போது பேரீச்சையும் நீருமாய்த் தொடங்குகிறார். முதல் கவளத்திலேயே வயிறு நிறையப் பிரியாணி உண்பவர் படும் பாட்டை அனைவரும் அறிவர்.

ஆகவே ஒரு நேரத்தில் ஒரு குழலை மட்டும் மாற்ற வேண்டும். பதினைந்து நாள் அல்லது மூன்று வாரம் கழித்து அடுத்ததை மாற்றலாம். இம்முறையில் செலவும் ஒரே மாதத்தில் விழாது. ஆண்டு முழுவதும் தொட்டியில் புதிய குழலும் பழைய குழலுமாகக் கலந்து எரிவதால் ஒளி ஏறி இறங்காமல் ஒரே சீராக இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற நேர்ந்தால், எரியும் நேரத்தைப் பத்து மணியிலிருந்து ஆறு மணியாகக் குறைத்து, வாரந்தோறும் ஒரு மணி நேரம் கூட்டலாம். இன்னோர் எளிய வழி கொசுவலை. ஜன்னலுக்கு அடிக்கும் பிளாஸ்டிக் வலையை இரண்டு மூன்று மடிப்பாகத் தொட்டியின் மேல் விரித்து, வாரத்துக்கு ஒரு மடிப்பாக எடுத்துக் கொண்டே வந்தால் பவளம் அமைதியாகப் பழகிக் கொள்ளும்.

ஒளி இல்லாமற் போவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த பிறகு, இம்மாவட்டத்தில் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய வேளையில் தொட்டி வைத்திருப்போர் முதலில் விளக்குக்காகப் பதறுகிறார்கள். பவளம் மூன்று நான்கு நாள் இருளைத் தாங்கும். நீரோட்டமும் காற்றும் நின்றால்தான் சில மணி நேரத்திலேயே மீனும் பவளமும் மூச்சு முட்டும். இன்வெர்ட்டரில் மிஞ்சும் மின்சாரத்தை விளக்குக்குக் கொடாமல் காற்று பம்புக்குக் கொடுங்கள். கோமாளி மீன் வளர்ப்போர் அறிந்த செய்தி ஒன்று: அதன் முட்டைகள் ஏழெட்டு நாளில் பொரிகின்றன, அதுவும் விளக்கணைந்த பின், இருள் சூழ்ந்த முதல் ஓரிரு மணி நேரத்தில். இரவு வேளையில் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக விளக்கைப் போடுவது அங்கே பெரும் இடையூறு.

கழற்றிய குழலை என்ன செய்வது?

வீண்விரயம் பற்றிய பெரியோரின் கவலைக்கு இங்கே விடை இருக்கிறது. தொட்டியிலிருந்து இறக்கிய குழல் செத்த குழல் அன்று. இன்னும் பல ஆண்டு எரியக்கூடியது. வெண்ணிற டி-8 குழலாயின் சாமான் அறையிலோ மாடிப்படியிலோ இருக்கும் சாதாரணப் பட்டியில் அப்படியே மாட்டலாம். டி-5 வகைக்கு அதற்குரிய எலெக்ட்ரானிக் சோக்குடன் கூடிய பட்டி வேண்டும். கருநீலக் குழல் படிப்பதற்கு உதவாது. மீன் மட்டும் உள்ள தொட்டிக்குக் கொடுத்து விடலாம்.

உண்மையிலேயே அணைந்து போன குழலில் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. ஜப்பானின் மினமாட்டா ஊரில் பாதரசம் கடலில் கலந்து, மீன் வழியாக மனிதரைத் தாக்கிய கொடுமை 1956-இல் வெளிப்பட்டது. நம் மாநிலத்திலேயே கொடைக்கானலில் வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று பாதரசக் கழிவு காரணமாக 2001-இல் மூடப்பட்டது. வெள்ளாற்று மீனை உண்டு வாழும் நாம் குழலைக் குப்பைமேட்டில் உடைத்துப் போடுவது நம் தட்டிலேயே அதைக் கொட்டுவதற்கு ஒப்பாகும். பிள்ளைகள் அதை வாளாக வீசி விளையாடவும் விடக்கூடாது. மின்னணுக் கழிவுச் சட்ட விதிகளில் இக்குழலும் அடங்கும்; மின்னணுக் கழிவைச் சேகரிப்போரிடம் முழுதாக ஒப்படைக்க வேண்டும். வீட்டுக்குள் உடைந்துவிட்டால் மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, எல்லோரும் பதினைந்து நிமிடம் வெளியே இருங்கள். பிறகு துடைப்பத்தால் பெருக்காமல் கெட்டி அட்டையால் துண்டுகளை வழித்தெடுத்து, நுண்துகளை ஒட்டும் டேப்பால் ஒற்றி, மூடியுள்ள பாட்டிலில் போட்டு வையுங்கள்.

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியா 2018-இல் இணைந்தது. 2023-இல் ஜெனீவாவில் கூடிய உறுப்பு நாடுகள், பொது ஒளியூட்டலுக்கான நீண்ட குழல் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027 முடிவுக்குள் நிறுத்துவதென முடிவெடுத்தன. மீன் தொட்டிக்கான தனிவகைக் குழல்கள் நேரடியாக இதில் அடங்காவிட்டாலும், ஆலைகள் குழல் தொழிலையே கைவிடும்போது அவையும் அரிதாகும். எரியாமல் பெட்டியில் இருக்கும் குழல் மூப்படைவதில்லை. எனவே குழலையே விரும்புவோர் ஓராண்டுக்கு வேண்டியதை வாங்கி வைத்துக் கொள்ளலாம்.

எல்.இ.டி. விளக்குக்கு மாறுகின்றவர்கள், "இதை மாற்றவே வேண்டாம்" என்ற கடைக்காரரின் சொல்லை அப்படியே ஏற்க வேண்டாம். அதுவும் மங்குகிறது, ஆண்டுகள் பல ஆகும், அவ்வளவே. உப்புக் காற்றில் அதன் மின்சுற்று முதலில் அரிக்கப்படுகிறது. மேலும் அதன் நீல ஒளி கண்ணுக்கு மங்கலாகவும் பவளத்துக்குக் கடுமையாகவும் இருப்பதால், குழலிலிருந்து மாறிய முதல் மாதத்தில் வெளிறிய தொட்டிகள் ஏராளம். மூன்றிலொரு பங்கு வலிமையில் தொடங்கி, ஆறு முதல் எட்டு வாரங்களில் படிப்படியாக ஏற்றுங்கள். மாட்டிய தேதியை அதிலும் எழுதி வையுங்கள்.